அகழிக்கு அடியில் 0.31 டிகிரி

நிலவியல் பாடம் எடுக்கும்போதும் கடலோர ஊர்களில் பேசப் போகும்போதும் தவறாமல் வரும் கேள்வி: "கடலடி சூடாவதை வைத்து சுனாமியை முன்னாலேயே சொல்லிட முடியாதா சார்?" முடியும் என்று தேதியோடு வாட்ஸ்அப்பில் செய்தி வேறு சுற்றுகிறது. முடியாது. ஆனால் அந்தச் சூட்டை ஒருமுறை நிஜமாகவே அளந்தார்கள். அதில் தெரிந்தது பெரிய விஷயம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, ஜப்பான் அகழி என்னும் ஆழ்கடல் பள்ளத்தின் ஓரத்தில் புவித்தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சுமார் 50 மீட்டர் நழுவின. உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்தாலே சுடுகிறது. அவ்வளவு தூரம் தேய்ந்த பிளவு எவ்வளவு சுட்டிருக்கும்? ஆறிப்போவதற்குள் அளந்துவிட 'சிக்யூ' என்னும் ஜப்பானியத் துளையிடும் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 6,900 மீட்டர் தண்ணீருக்குக் கீழே கடல்தரையில் துளைபோட்டு, 2012 ஜூலையில் 55 வெப்பமானிகளைச் சரமாக இறக்கினார்கள். ஒன்பது மாதம் கழித்து மேலே எடுத்துப் பார்த்தால், சுமார் 820 மீட்டர் ஆழத்தில் பிளவையொட்டி மிச்சமிருந்த கூடுதல் சூடு வெறும் 0.31 டிகிரி செல்சியஸ்.

அப்படியென்றால் உராய்வே மிகக் குறைவு. சாதாரணப் பாறைகளுக்கு உராய்வுக் கெழு, அதாவது உரசல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, 0.6க்கு மேல் இருக்கும். இங்கே கணக்கில் வந்தது 0.08. காரணம் களிமண்ணும் தண்ணீரும். அந்தப் பிளவு முழுக்க ஸ்மெக்டைட் என்னும் வழுவழுப்பான களிமண். தேயும் சூட்டில் அதற்குள் இருக்கும் நீர் விரிகிறது, களிமண்ணோ அதைச் சட்டென்று வெளியே விடுவதில்லை. அழுத்தம் ஏறி, மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்குகிறது. மழை பெய்த வரப்பில் கால் வழுக்குமே, அதுபோல. அகழி ஓரத்து வண்டல் மெல்லத்தான் நகரும், பெரிய நழுவலை அடக்கிவிடும் என்று நாங்கள் படித்திருந்தோம். மிகப் பெரிய நழுவல் அங்கேதான் நடந்தது. கடல்தரை தூக்கப்பட்டு, மேலிருந்த நீரைத் தள்ளி சுனாமியை எழுப்பியதும் அங்கேதான்.

2012 டிசம்பர் 7 அன்று அப்பகுதியில் 7.3 அளவு அதிர்வு வந்தபோது, விரிசல்கள் வழியாக நீர் ஓடி வெப்பத்தைச் சுமந்து சென்றதும் அதே வெப்பமானிகளில் பதிவாகியிருக்கிறது. அதிர்வுக்குப் பிறகுதான். கடலடிச் சூட்டைப் பார்த்துத் தேதி குறிக்க யாராலும் முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் கடலடி நழுவி, நம் கரைக்கு அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அன்று எச்சரிக்க யாருமில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. நில அதிர்வையும், ஆழ்கடல் கருவிகள் காட்டும் நீரழுத்த மாற்றத்தையும், கரையோரக் கடல்மட்டத்தையும் பார்த்து, அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அது செய்தி சொல்லிவிடும்.