காகிதம் குடிக்கும் தண்ணீர்

"அருங்காட்சியகத்தில் காகித ஓவியங்களும் பழைய ஆவணங்களும் வைக்கும் அறைக்கு நல்ல ஏசி போட்டால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. சில சமயம் அதுவே வினையாகிவிடும்.

காகிதத்தின் எதிரிகள் தெரிந்தவைதான்: வெளிச்சம், பூஞ்சை, இராமபாணப் பூச்சி, மரக்கூழ்க் காகிதம் தனக்குள்ளேயே சுமக்கும் அமிலம். அறை குளிர்ச்சியாக இருந்தால் அமிலத்தின் வேகம் குறையும். ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு, 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். 20 டிகிரி செல்சியஸில், 50 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள நீராவி 9 கிராம்கூட இல்லை. இரண்டு தேக்கரண்டி தண்ணீருக்கும் குறைவு. அதே அறையில் 100 கிலோ காகிதம் தன் இழைகளுக்குள் ஏறக்குறைய 6 கிலோ நீரைப் பதுக்கி வைத்திருக்கிறது. தொட்டால் உலர்ந்துதான் இருக்கும்! காற்று வறண்டால் காகிதம் ஒரு மிடறு விட்டுக்கொடுக்கும். ஈரம் கூடினால் குடித்துக்கொள்ளும். அவ்வளவு பெரிய கையிருப்பில் ஓரிரு கிராம் போனால் என்ன? ஒரு காலிப் பெட்டியை இறுக மூடி 15 டிகிரிக்குக் குளிர வைத்தால் உள்ளே ஒப்பு ஈரப்பதம் 67-ஐத் தாண்டிவிடும். அதே பெட்டி நிறையக் காகிதம் இருந்தால் ஈரப்பதமானியின் முள் ஓரிரு புள்ளி நகர்வதே அதிகம், அதுவும் கீழ்நோக்கி.

ஒரே நிபந்தனை, வெளிக்காற்று தாராளமாகப் புகக்கூடாது. ஆகவே கனத்த சுவர், ஜன்னல் இல்லாத அறை, இறுக மூடும் கதவு. டென்மார்க்கின் வைலே நகரில் 2003-இல் எழுப்பிய சேமிப்புக் கிடங்கின் தரைக்கு வெப்பக்காப்பே போடவில்லை. கோடை வெப்பத்தை அடிமண் வாங்கி வைத்துக் குளிர்காலத்தில் திருப்பித் தருகிறது.

ஏசிக்கு வருவோம். நான் பார்த்த ஒரு காப்பகத்தில் மாலை ஐந்தரைக்கு அதை அணைத்துவிடுவார்கள். கதவிடுக்கில் புகும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வியர்க்கும். சுவரோடு ஒட்டியிருந்த கோப்பை எடுத்தார்கள்: முன்பக்கம் பளிச், பின்னட்டை முழுக்கப் பச்சைப் புள்ளி. அந்த அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போடச் செலவே இல்லை. இயந்திரம் வாங்கக் கிடைக்கும் நிதி சுவரைச் சரிசெய்யக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

புதுக் கட்டடம் என்றால் இன்னொன்று. கான்கிரீட் காய மாதக்கணக்காகும். திறப்பு விழா அவசரத்தில் பெட்டிகளை உள்ளே அடுக்கினால், கான்கிரீட் விடும் ஈரத்தையும் காகிதம்தான் குடிக்கும்.