தேர்வில் தேறியது சரி, கணக்கில் ஏறியதா?

நான்காக மடித்து வைத்திருந்த தாளை விரித்து என் மேசைமேல் வைத்தார் அந்தப் பெண்மணி. ‘அமெரிக்க வரலாறு - 1’, மதிப்பெண் 61. தூத்துக்குடிப் பக்கத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்தவர். பிள்ளைகள் வளர்ந்தபின், நாற்பதை நெருங்கும் வயதில், நான் மாணவர் ஆலோசகராக இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்தார். இரவுச் சமையல் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு உட்கார்ந்து, இரண்டு மாதம் படித்துத் தேறிய ‘கிளெப்’ தேர்வு அது.

“மூன்று கிரெடிட் வந்துவிட்டது என்கிறார்கள் சார். ஆனால் நான் முடிக்க வேண்டிய பாடங்கள் ஒன்றுகூடக் குறையவில்லையே?”

கிரெடிட் என்பது பட்டத்துக்காகச் சேர்க்கும் பாட அலகு. எந்தப் பாடம் முடிந்தது, எது மீதி என்று காட்டும் அவருடைய டிகிரி ஆடிட் பக்கத்தைக் கணினியில் திறந்தேன். உடற்கூறியல், நுண்ணுயிரியல், உளவியல், மனித வளர்ச்சி, ஆங்கிலக் கட்டுரை என்று நர்சிங்குக்கு வேண்டியவை மேலே வரிசையாக இருந்தன. பக்கத்தின் அடியில், யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தில், ‘பட்டத்துக்குப் பயன்படாத கிரெடிட்’ என்ற தலைப்பின்கீழ் அவருடைய வரலாறு தனியாகக் கிடந்தது. அந்தப் பட்டத்தில் வரலாற்றுக்கும் இடமில்லை, விருப்பப் பாடத்துக்கும் இடமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதே தேர்வை எழுதி ஒரு செமஸ்டர் வகுப்பை மிச்சப்படுத்தினார் என்று கேள்விப்பட்டு இவரும் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் படித்தது வணிக நிர்வாகம்.

இந்தத் தேர்வைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்காமலே, அதற்கான தேர்வில் தேறிக் கல்லூரிக் கிரெடிட் வாங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஏபி தேர்வு ஒரு வழி. வயது வரம்பில்லாமல் யாரும் எழுதக்கூடியது ‘கிளெப்’. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் 1967 முதல் இதையும் நடத்துகிறது. அல்ஜீப்ரா, கால்குலஸ், உயிரியல், உளவியல், பொருளியல், கணக்குப்பதிவு, ஸ்பானிஷ் என 34 பாடங்கள். பெரும்பாலான தேர்வுகள் ஒன்றரை மணி நேரம். கட்டணம் 100 டாலரை ஒட்டி வரும். தேர்வு மையம் தன் பங்குக்குத் தனியாகக் கொஞ்சம் வாங்கும். நாலாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும், ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று. அந்த மூன்றை வகுப்பில் சேர்ந்து வாங்கினால் பல நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர்வரை ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால், நூறு டாலர் சில்லறைக் காசுதான்.

அந்தச் சில்லறையைக்கூடத் தவிர்க்க வழியுண்டு. ‘மாடர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இந்தப் பாடங்களை இணையத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறது. பாடத்தை முழுமையாக முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் தருகிறது. இலவசம் என்றாலே சந்தேகப்படும் குணம் நமக்கு உண்டு. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மதிப்பெண் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் தவறாமல் வருகிறது. கிளெப்பில் மதிப்பெண் 20-இல் தொடங்கி 80-இல் முடியும். எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளித்தோம் என்பதை இந்த அளவுகோலுக்கு மாற்றித் தருகிறார்கள். அது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு கிடையாது. பெரும்பாலான பாடங்களுக்கு 50 போதும் என்பது கல்லூரிகளின் கூட்டமைப்பான அமெரிக்கக் கல்விப் பேரவையின் பரிந்துரை. அந்தப் பாடத்தை வகுப்பில் படித்து ‘சி’ கிரேடு வாங்கும் மாணவரின் அளவு அது. ஒரு தந்தை மகளை என் எதிரிலேயே கடிந்துகொண்டார்: “ஐம்பத்தெட்டா? இதற்கா மூன்று மாதம் படித்தாய்?” அந்தப் பெண் அப்போதுதான் கல்லூரியின் கணித வகுப்பு ஒன்றைத் தாண்டிக் குதித்திருந்தாள். ஐம்பத்தெட்டானாலும் எழுபத்தெட்டானாலும் கல்லூரிப் பதிவேட்டில் ஏறுவது அதே மூன்று கிரெடிட்தான், கிரேடு எதுவும் இல்லாமல். ஜிபிஏ என்ற கிரேடு சராசரி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது என்று அவரிடம் சொன்னேன். எண்பதுக்கு எண்பது எடுத்திருக்கலாமே என்ற முகத்துடன்தான் எழுந்து போனார்.

பரிந்துரை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். மதிப்பெண் தருவது காலேஜ் போர்டு. கிரெடிட் தருவது கல்லூரி. ஐம்பதுக்கே தரும் கல்லூரியும் உண்டு, இன்னும் கூடுதலாகக் கேட்கும் கல்லூரியும் உண்டு, அறவே தராத கல்லூரியும் உண்டு. 2,900-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் பெரிய பெயர் கொண்ட தனியார் பல்கலைக்கழகங்கள் பல கிளெப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கும் இடத்திலும் எதற்குப் பதிலாக ஏற்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பாடத்துக்குக் கல்லூரி வைத்திருக்கும் எண்ணோடு கிரெடிட் வந்தால் அந்தப் பாடம் முடிந்தது என்று பொருள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் என்று வந்தால் பொது விருப்பப் பாடம் என்று பொருள்; உங்கள் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடம் இருந்தால் பயன்படும், இல்லாவிட்டால் என் மேசைக்கு வந்த வரலாறுபோல அடியில் கிடக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு ஆலோசகருக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தத் தேர்வில் தேறினால் எந்தப் பாட எண்ணுக்குக் கிரெடிட் வரும், என் பட்டத்தில் அது எந்த இடத்தை நிரப்பும், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள் என்று ஓர் ஆலோசகனே சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் நாற்காலிகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மின்னஞ்சல் மாறாது.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறவர்கள் இதே கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும். நாங்கள் கொடுத்த கிரெடிட்டை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பது தவறு. பல இடங்களில் மூல மதிப்பெண் அறிக்கையைக் கேட்டு வாங்கி, தங்கள் விதிப்படி முதலிலிருந்து கணக்கிடுவார்கள்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, பெயர். தேர்வுக்குப் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ ஊர்ப் பதிவேட்டில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியது, விசாவில் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக எஃப்என்யு என்று அச்சிட்டுவிடுவார்கள். அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிடும். பதிவு செய்யும்போது அழகாகத் தன் பெயரைப் பிரித்து எழுதிய இளைஞர் ஒருவரைத் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர் என்னிடம் வந்து புலம்பியபோது எனக்கே சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அட்டையில் எப்படி இருக்கிறதோ, எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், அப்படியே பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, நெகட்டிவ் மார்க் பயம். ஜேஇஇ, நீட் என்று பழகியவர்கள் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போவதைப் பெருமையாகச் செய்வார்கள். கிளெப்பில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். அமெரிக்க வரலாற்றில் 90 நிமிடத்துக்குச் சுமார் 120 கேள்விகள். ஒன்றுக்கு முக்கால் நிமிடம். யோசித்து உட்கார அங்கே நேரம் கிடையாது. கணிதத்தில் நம்மூர்ப் படிப்பு பெரும்பாலும் கைகொடுத்துவிடும். வரலாறும் அமெரிக்க அரசியலமைப்பும் அப்படியல்ல, பிள்ளைப் பருவத்திலிருந்து காதில் விழாத பெயர்கள். அறுபத்தொன்று வாங்கிய நம் தூத்துக்குடிக்காரரை அதற்காகவே நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது, எஃப்-1 என்ற படிப்பு விசாவில் இருக்கும் மாணவர்கள். இதைத்தான் நான் அதிகக் கவலையோடு எழுதுகிறேன். இளநிலை மாணவர் ஒவ்வொரு வழக்கமான செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட்டுக்கு வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தேர்வெழுதி வாங்கும் கிரெடிட் இந்தப் பன்னிரண்டில் சேராது. இரண்டாண்டுக்கு முன் ஒரு மாணவர், செமஸ்டர் தொடங்கி மூன்றாம் வாரத்தில் கிளெப்பில் தேறிய உற்சாகத்தில், “இனி இந்த வகுப்பு எதற்கு?” என்று பொருளியல் வகுப்பை நீக்கிவிட்டார். பன்னிரண்டு ஒன்பதானது. விசா நிலையே பறிபோகக்கூடிய பிழை அது. வகுப்பை நீக்கிய அன்று மாலையே தற்செயலாகக் கல்லூரி நடைவழியில் என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். அப்படியே பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்பாதியில் தொடங்கும் வகுப்பு ஒன்று காலியாக இருந்ததால் தப்பித்தார். எந்த வகுப்பையும் குறைப்பதற்கு முன்பு அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அரசு உதவித்தொகை பெறுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் அந்தத் தொகை சேர்ந்திருக்கும் வகுப்புகளின் கணக்கில்தான் வருகிறது.

மருத்துவக் கனவுள்ள வீடுகளுக்கு ஒரு வரி: உயிரியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்குத் தேர்வு வழிக் கிரெடிட்டைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. அவற்றை வகுப்பிலேயே படித்துவிடுவது நல்லது. ஏபி கால்குலஸில் ஏற்கெனவே கிரெடிட் வாங்கிய பிள்ளையைக் கிளெப் கால்குலஸுக்கும் அனுப்பும் பெற்றோரையும் பார்க்கிறேன். ஒரு பாடத்துக்கு ஒரு முறைதான் கிரெடிட்.

“தமிழுக்குத் தேர்வு உண்டா சார்?” என்று தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். கிளெப்பில் கிடையாது, அதில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். ஆனால் ஆக்ட்ஃபில் என்ற மொழியாசிரியர் அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் இருக்கிறது. பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஒருவர் உங்களோடு பேசுவார். பேச்சின் தரத்தைப் பார்த்து நிலை சொல்வார்கள். அந்த நிலைக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விப் பேரவை பரிந்துரைக்கிறது. ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ தமிழ் இதற்குப் போதாது. ஒரு கருத்தை எடுத்து விளக்கிப் பேசத் தெரிய வேண்டும். உங்கள் கல்லூரி அதை ஏற்குமா என்று கேட்க, மேலே சொன்ன அதே மின்னஞ்சல்தான்.

தூத்துக்குடிக்காரர் அன்று என் அறையிலேயே, என் கணினியிலேயே மின்னஞ்சலைத் தட்டச்சு செய்தார். மனித வளர்ச்சிப் பாடத்துக்குக் கிளெப் இருக்கிறது, நர்சிங்கில் அது கட்டாயப் பாடமும்கூட. நான்காம் நாள் பதில் வந்தது: ஐம்பது போதும், இன்ன எண்ணுக்குக் கிரெடிட் வரும், நர்சிங் துறை ஏற்கும். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், அந்தப் பாடத்தில் பாதியை வீட்டிலேயே செய்முறையாகப் படித்திருந்தார். ஐந்து வாரம் கழித்து 57 வாங்கி வந்தார். இந்த முறை பக்கத்தின் அடிக்குப் போகவில்லை. மேல் வரிசையில் மனித வளர்ச்சிக்கு எதிரே பச்சை நிறக் குறி விழுந்திருந்ததைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினேன். “அந்த வரலாறு?” என்று கேட்டார். அது அங்கேயேதான் கிடக்கிறது. என்றாவது நாலாண்டுப் பட்டத்துக்கு மாறினால் தேவைப்படலாம் என்று மதிப்பெண் தாளை மறுபடியும் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.