ஏவியானிக்ஸ்: இயலா, கருவியா?

பாடாங் செராயில் செம்பனைக்கு மேலே இரைச்சல் கேட்டால் "ஹோர்னெட் போகுது" என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடும். பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம் அவ்வளவு பக்கம். 1997-இல் நம் மலேசியா வாங்கிய 8 எஃப்/ஏ-18டி ஹோர்னெட் போர் விமானங்களின் வீடு அதுதான். தமிழ்நாட்டில் விமானப்படை என்பார்கள், நமக்கு என்றைக்கும் ஆகாயப்படை.

விமானப் பராமரிப்பு படிக்கும் என் அண்ணன் மகன், போன மாதம் பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "சித்தப்பா, ஏவியோனிக்குத் தமிழ்ல என்ன?" ஏவியானிக்ஸை மலாயில் அவியோனிக் என்று படித்த பழக்கத்தில் அவன் வாயில் அப்படித்தான் வரும். "வான்மின்னணுவியல்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ, 'பழைய விமானத்தோட வான்மின்னணுவியலை மாத்திட்டாங்க'ன்னு எழுதலாமா?" என்றான். எழுத முடியாது. இயல் என்பது படிப்பு. படிப்பைக் கழற்றிவிட்டு வேறு படிப்பைப் பூட்ட முடியுமா? அந்தக் கேள்விக்கான பதில்தான் இது.

முதலில் சொல்லின் பிறப்பு. 1949-இல் ஃபிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க விமானத்துறைப் பத்திரிகையாளர் ஏவியேஷன், எலக்ட்ரானிக்ஸ் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்து ஏவியானிக்ஸ் என்ற சொல்லை உண்டாக்கினார். ஏவியேஷனுக்குள் இருப்பது 'ஏவிஸ்' என்ற இலத்தீன் சொல், பொருள் பறவை. எலக்ட்ரானிக்ஸுக்குள் இருப்பது கிரேக்கர் அம்பருக்கு வைத்த பெயர். அம்பர், கல்லாய் இறுகிப்போன மரப்பிசின். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். மின்சாரத்தைப் பற்றி மனிதன் முதலில் கவனித்தவற்றில் அதுவும் ஒன்று. ஆக, பறவையும் பிசினும் சேர்ந்த சொல் இது. பால்மரக் காட்டுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது.

ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. துறைக்கும் அதுதான் பெயர், விமானத்துக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்: ராடார், வானொலி, வழிகாட்டும் கருவி, எச்சரிக்கைக் கருவி, விமானி பார்க்கும் திரைகள், இவற்றை ஆட்டிவைக்கும் கணினி. தமிழில் 'இயல்' போட்ட உடனே துறை மட்டும்தான் நிற்கிறது, பெட்டிகள் காணாமல் போகின்றன. செய்தி எழுதுகிறவர்கள் பழைய விமானங்கள் 'நவீனப்படுத்தப்பட்டன' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்று சொல்லக் கையில் சொல் இல்லை.

உண்மையில் அங்கே நடப்பது என்ன? புது போர் விமானம் வாங்கப் பணம் போதாத நாடு, உடம்பை வைத்துக்கொண்டு கண்ணையும் நரம்பையும் மாற்றுகிறது. இந்தியா தன் மிக்-21 விமானங்களில் 125-க்கு இப்படிச் செய்து பைசன் என்று பெயர் வைத்தது. உள்ளே போன ரஷ்ய ராடாரின் பெயர் கோப்யோ, ரஷ்ய மொழியில் ஈட்டி. மிக்-21 இந்திய விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றது 2025 செப்டம்பரில்தான். பிரேசில் தன் எஃப்-5 விமானங்களுக்கு இத்தாலியின் கிரிஃபோ ராடாரைப் பொருத்தியது. அந்த மெல்லிய மூக்கில் புதுப் பெட்டிகளுக்கு இடம் வேண்டுமே, அதனால் இரண்டு பீரங்கிகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் இழுத்த ஒயரில் ஏர்கோன் போட்டால் என்ன ஆகும்? ஏர்கோனின் விலை ஒரு பக்கம், ஒயரையும் மெயின் போர்டையும் மாற்றும் செலவு இன்னொரு பக்கம். பழைய விமானமும் அப்படித்தான். புது ராடாருக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும், அது கக்கும் சூட்டைத் தணிக்கக் குளிரூட்டல் வேண்டும். இரண்டும் அந்த உடம்பில் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான். அதனால்தான் இருக்கிற மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் அடங்குகிற மாதிரியே ராடார் செய்கிறார்கள். எஃப்-16-க்காக வந்த ஏபிஜி-83 அந்த வகை. உடம்பை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

ராடாரின் கணக்கும் கொடுமையானது. அலை போய் இலக்கில் பட்டுத் திரும்பி வர வேண்டும், போகும்போதும் பரவி மெலிகிறது, வரும்போதும் மெலிகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இரண்டு மடங்கு தொலைவு பார்க்க வேண்டுமானால் 16 மடங்கு ஆற்றல் வேண்டும். அலைவாங்கியின் விட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் அதே பலன் கிடைக்கும், ஆனால் விமானத்தின் மூக்கு அகலாதே. எனவே குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு, வந்த எதிரொலியை நன்றாகப் பிரித்தறியும் கணினியில் இருக்கிறது. தரையின் இரைச்சலுக்கு நடுவே தாழப் பறக்கும் விமானத்தைப் பொறுக்கி எடுப்பது அந்த வேலை.

அப்புறம், பெட்டிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்காக 1973-இல் அமெரிக்கா வகுத்த 1553 என்ற தரநிலை, முறுக்கிய இரண்டு கம்பிகளில் நொடிக்குப் பத்து லட்சம் பிட் அனுப்புகிறது. அது ஏற்கெனவே இருக்கும் விமானம் என்றால் புதுப் பெட்டியைச் சேர்ப்பது சுலபம். இல்லாத விமானம் என்றால் நரம்பு மண்டலத்தையே புதிதாக இழுக்க வேண்டும், அங்கேதான் பணம் கரையும். பிறகு மென்பொருளை எழுதி, ஒவ்வொரு ஆயுதத்தோடும் பறந்து பறந்து சோதிக்க வேண்டும். பெட்டியின் விலையைக் கேட்டு 'மலிவாக முடியும்' என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். ராடார் என்ற சொல்லை 1940-இல் அமெரிக்கக் கடற்படை, வானொலி அலையால் கண்டறிந்து தொலைவு அளப்பது என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக் கோத்தது. ரோமன் எழுத்தில் அது ஒரு மாலைமாற்று, நம் விகடகவி போல. எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான், போன அலை திரும்பி வருவதைப் போல. தமிழில் கதுவீ என்ற சொல் உண்டு. கதுவுதல் என்றால் பற்றுதல், கூரையில் தீ கதுவியது என்கிறோமே, அது. இலக்கைப் பற்றிக்கொண்டு விடாமல் தொடர்வதும் ராடாரின் வேலைதானே, அதனால் எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். ஆனாலும் வகுப்பில் ராடார் என்பதை விலக்கச் சொல்ல மாட்டேன். அது பல மொழிகளிலும் ஊறிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பழக்கலாம்.

ஏவியானிக்ஸ் அப்படியல்ல, அதற்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். துறைக்கு வான்மின்னணுவியல் இருக்கட்டும். இலங்கைத் தமிழர் எலக்ட்ரானிக்ஸை இலத்திரனியல் என்பார்கள், நம் ஊர்ப் பத்திரிகையில் மின்னியல் என்றும் வரும். ஆனால் மின்னியல் என்பதை மின்சாரத் துறைக்கும் எழுதுகிறார்கள், பொருள் குழம்பும். விமானத்துக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு வான்மின்னணுத் தொகுதி என்று தனியாகச் சொல்வோம். தனிப்பெட்டி ஒன்று என்றால் வான்மின்னணுக் கருவி.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னதும் கைப்பேசியிலேயே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினான்: "விமானத்தின் உடலும் இயந்திரமும் பழையவை, ராடாரும் வான்மின்னணுத் தொகுதியும் மாற்றப்பட்டன, பீரங்கி ஒன்று நீக்கப்பட்டது." திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.