விற்பனைப் புனலைக் கடைசிப் படியிலிருந்து கட்டுங்கள்

பணம் கட்டிப் பொருளை வாங்கியவருக்கு மறுநாள் காலையில் ஒரு மெயில் போகிறது: "இன்னும் வாங்கவில்லையா? இன்றே கடைசி நாள்!" சிறிய ஆன்லைன் தொழில்களின் ஆட்டோமேஷனில், அதாவது தானாக மெயில் அனுப்பும் ஏற்பாட்டில், அடிக்கடி கண்ணில் படும் கோளாறு இது. கட்டிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று அவர் பதறுவார். பதில் வரத் தாமதமானால் பணத்தைத் திருப்பிக் கேட்பார். அதில் தப்பில்லை.

இந்தக் கோளாறுக்குக் காரணம் கட்டும் வரிசை. விளம்பரம், அதைக் கிளிக் செய்தால் வரும் லேண்டிங் பேஜ், ஃபார்ம், மெயில் என்று வாடிக்கையாளர் வாங்கும்வரை நடந்துவரும் வழிதான் விற்பனைப் புனல். அந்த வழியிலேயே நாமும் கட்டிக்கொண்டு போகிறோம். பணம் கட்டும் இடத்துக்கு வருவதற்குள் சலித்துவிடுகிறது; அந்த இணைப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஆகவே தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் பணம் கட்டும் பக்கம், அடுத்து நன்றிப் பக்கம், பிறகு மெயில் வரிசை, அதன்பின் ஃபார்ம். விளம்பரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

பணம் வந்ததும் பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணத்தை வாங்கித்தரும் சேவை) ஒரு வெப்ஹூக் (தானாகப் போகும் தகவல்) வழியாக மெயில் மென்பொருளுக்குத் தகவல் சொல்லும். அங்கே அந்த வாடிக்கையாளர் பெயரில் 'வாங்கியவர்' என்ற டேக், அதாவது அடையாளக் குறி, விழ வேண்டும். விழுந்ததும் விற்பனை மெயில்கள் நின்று, பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் மெயில்கள் தொடங்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை மூன்று இடங்களில் சறுக்கும். ஃபார்மில் ஒரு மெயில் முகவரியும் பணம் கட்டும்போது வேறொரு முகவரியும் கொடுப்பவர்கள் உண்டு. மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். மெயிலில் உள்ள 'வாங்க' லிங்க்கிலேயே அவருடைய முகவரியைச் சேர்த்து அனுப்பினால், பணம் கட்டும் பக்கத்தில் அது தானாக நிரம்பி நிற்கும். குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். இரண்டாவது, நம் பக்கமிருந்து பதில் கிடைக்காவிட்டால் கேட்வே அதே வெப்ஹூக்கைத் திரும்ப அனுப்பும். ஆர்டர் எண்ணைப் பார்த்து 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று தள்ளிவிடும் ஏற்பாடு இல்லையென்றால் வரவேற்பு மெயில் இரண்டு முறை போகும். மூன்றாவது ரீஃபண்ட். பணத்தைத் திரும்ப வாங்கியவரின் டேக்கை எடுக்க எவருக்கும் நினைவு வருவதில்லை.

மெயில் வரிசைக்கு ஐந்து மெயில் போதும். செல்போனில் படம் எடுக்கக் கற்றுத்தரும் ஒரு பாடத்தை விற்பதாக வைத்துக்கொள்வோம். பதிவு செய்த உடனே முதல் மெயிலில், ஃபார்மை நிரப்பிக் கேட்ட இலவசக் குறிப்பு மட்டும் போகட்டும். மறுநாள், அந்தக் குறிப்பைச் செய்து பார்க்கும்போது நேரும் ஒரு தவறும் அதற்கான திருத்தமும். மூன்றாம் நாள், ஒரே காட்சியைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் காட்டும் இரண்டு படங்கள். பாடத்தைப் பற்றிய முதல் பேச்சு இங்கேதான். ஐந்தாம் நாள், வாங்கத் தயங்குபவர் உண்மையில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்: எவ்வளவு நேரம் ஆகும், பழைய போனில் நடக்குமா, பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா. ஏழாம் நாள், நேரடியாக வாங்கச் சொல்லும் சிறிய மெயில். வரிசையின் தொடக்கத்தில் ஒருமுறை டேக்கைச் சரிபார்த்தால் போதாது. ஒவ்வொரு மெயிலும் கிளம்புவதற்கு முன் 'இவர் வாங்கிவிட்டாரா?' என்ற நிபந்தனை இருக்க வேண்டும். முதல் பத்தியில் சொன்ன அந்த மெயில் போவது இந்த ஒன்று விடுபடுவதால்தான்.

கடைசி நாள் என்று எழுதினால் அது உண்மையிலேயே கடைசி நாளாக இருக்கட்டும். பக்கத்தைப் புதுப்பித்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் கவுண்ட்டவுன் டைமர் அப்பட்டமான ஏமாற்று.

எழுதியது இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர வேண்டுமே. இலவச மெயில் முகவரியை அனுப்புநராக வைத்து ஒரு மெயில் சேவை வழியாக அனுப்பினால், அது ஸ்பேமில் விழவோ திருப்பி அனுப்பப்படவோ வாய்ப்பு அதிகம். சொந்த டொமைனில் முகவரி வைத்து, அந்த டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் எழுதுங்கள். எந்தச் சேவைகள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவையில் சேரும்போது இரண்டாவதாக ஒன்றை எழுதிவைத்தால் இரண்டுமே செல்லாமல் போகும். பழைய வரியிலேயே புதியதைச் சேர்க்க வேண்டும். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து, தன் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும், விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கியது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பேம் பட்டனை அழுத்தினாலே எல்லை வந்துவிடும். விலகும் லிங்க்கை மங்கிய சிறு எழுத்தில் ஒளித்துவைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரிய வேண்டும்: விலக வழி தெரியாதவர் அழுத்துவது அந்தப் பட்டனைத்தான்.

இலவசமாகத் தருவது சிறியதாக இருப்பதே நல்லது. எண்பது பக்க மின்நூலை இறக்கிவைத்துவிட்டு மறந்துபோவார்கள். 'மங்கிய வெளிச்சத்தில் படம் கலங்காமல் வர மூன்று செட்டிங்' என்ற ஒரு பக்கத்தை அன்றே செய்து பார்ப்பார்கள். ஃபார்மில் பெயரும் மெயில் முகவரியும் போதும்.

எல்லாம் கட்டியதும், விளம்பரத்துக்குப் பணம் போடும் முன் நீங்களே வாடிக்கையாளராக நடந்து பாருங்கள். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்தால், மென்பொருளுக்கு அது புதிய ஆள். மெயில் மட்டும் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். ஒருவராக இரண்டாம் நாளில் வாங்குங்கள். இன்னொருவராகப் பணம் கட்டுவதைப் பாதியில் விடுங்கள். மூன்றாமவராக வாங்கி ரீஃபண்ட் கேளுங்கள். செல்போனிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஓடத் தொடங்கியபின் எதைத் திருத்துவது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. 1,000 பேர் பக்கத்துக்கு வந்து, 200 பேர் ஃபார்மை நிரப்பி, 140 பேர் மெயிலில் வந்த லிங்க்கை அழுத்தித் தங்கள் முகவரியை உறுதிசெய்து, 14 பேர் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய், 7 பேர் வாங்கினார்கள். விளம்பரத்தை இரட்டித்தால் செலவும் இரட்டித்து 14 பேர் வாங்குவார்கள். பணம் கட்டும் பக்கத்தில் திரும்பிப்போன 7 பேரில் மூவரை நிறுத்தினால், கூடுதல் செலவில்லாமல் 10 பேர். பெரும்பாலும் அங்கே இருப்பது சின்னக் காரணம்: தேவையில்லாத முகவரிக் கட்டங்கள், கடைசியில் திடீரென்று ஏறும் தொகை. உறுதிசெய்யாமல் விட்ட 60 பேருக்காக, ஃபார்மை நிரப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தில் வரப்போகும் மெயிலின் தலைப்பை அப்படியே எழுதி, ஸ்பேமிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். கிளிக்கையும் ஆர்டரையும் பாருங்கள். வாரம் ஒருமுறை கேட்வேயில் வந்த ஆர்டர் எண்ணிக்கையையும் 'வாங்கியவர்' டேக் எண்ணிக்கையையும் அருகருகே வையுங்கள். 31 ஆர்டருக்கு 30 டேக் இருந்தால், யாரோ ஒருவருக்கு இன்னும் "இன்றே கடைசி நாள்" மெயில் போய்க்கொண்டிருக்கலாம். அவரைத் தேடிப் பிடித்து, டேக்கைக் கையால் போட்டு, ஒரு வரி மன்னிப்பு எழுதி அனுப்புங்கள்.