கடற்பாசிப் பொடி விற்கும் மகளிர் குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவில் எங்கே சிக்குகிறார்கள்?

இராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கும் பெண்களில் சிலர், இப்போது அதைக் காயவைத்து அரைத்துப் பொட்டலம் போட்டு உணவுப் பொருளாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படியொரு குழுவுடன் அலுவலகங்களுக்கு அலைந்தபோது கண்டவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கும் மீனவருக்கும் அவர்களது தொழிலளவில் பொருந்தாது என்று அதன் 18-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பாதி உண்மைதான் முதல் பொறி. பாசியை அறுத்துக் கரையில் வியாபாரியிடம் எடைபோட்டுக் கொடுக்கும்வரை நீங்கள் வளர்ப்பவர்; அதே பாசியை அரைத்துப் பெயர் ஒட்டி விற்கும் நாளிலிருந்து நீங்கள் உணவுத் தொழில் நடத்துபவர், உங்களுக்குப் பதிவு தேவை. மீனவர் நலவாரிய அட்டையோ, தெப்பத்துக்கு மானியம் கிடைத்த ஆணையோ இதற்கு ஈடாகாது.

நாங்கள் போன ஓர் அலுவலகத்தில், "நீங்கள் மீனவர்தானே, பதிவு எதற்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள்; இன்னோர் அலுவலகத்தில், முந்தைய அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். சிறு தொழிலுக்கான பதிவுக்குப் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவையே அடிப்படை ஆவணங்கள். அதற்கு மேல் எதையாவது கேட்டால், எந்த விதியின்படி கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கோரிக்கை அத்தோடு நின்றுவிடும்.

இந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பதிவுக் கட்டணமாக வகுத்தது ஆண்டுக்கு 100 ரூபாய். எங்கள் குழுவிடம் ஒரு தரகர் 3,000 ரூபாய் வாங்கியிருந்தார். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். விண்ணப்பத்தில் அவர் 'சில்லறை விற்பனை' என்று குறித்து, குழுத் தலைவியின் வீட்டு முகவரியைப் போட்டிருந்தார். அரைப்பதும் பொட்டலம் போடுவதும் வேறு கொட்டகையில் நடந்தன. பதிவு அதில் குறித்த இடத்துக்கும் தொழில் வகைக்கும் மட்டுமே உரியது என்பதால், கையில் 14 இலக்கப் பதிவு எண் இருந்தும் அவர்கள் செய்த வேலைக்கு அது செல்லுபடியாகவில்லை. ஆகவே தொழில் வகையில் உற்பத்தி என்றும், முகவரியில் அரைக்கும் இடம் என்றும் இருக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தனியார் தளங்களும் உண்டு.

விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 7 நாட்களுக்குள் பதிவு தராமலும், மறுக்காமலும், ஆய்வுக்கு உத்தரவிடாமலும் இருந்துவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அதே விதிகள் அனுமதிக்கின்றன. அவர்கள் பின்னர் சொல்லும் திருத்தங்களைச் செய்தாக வேண்டும். இந்த விதியை எந்த மேசையிலும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பதிவு கிடைத்துவிட்டதாலேயே பொடி சுத்தமானது என்று பொருளில்லை. இந்தக் கரையில் மிகுதியாக வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசி பெரும்பாலும் கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கும் ஆலைக்கும் பயிர் ஊக்கி தயாரிப்புக்கும் போவதால், அதை மணலில் பரப்பிக் காயவைப்பது வழக்கமாகிவிட்டது. காகம் கிளறி, நாய் நடந்துபோன அந்தக் குவியலிலிருந்தே ஒரு கூடை அள்ளி உணவுக்கு அரைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நோய் தரும் கிருமிகளில் விப்ரியோ கடல்நீரோடு வரும்; ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் பெரும்பாலும் சாக்கடை கலந்த நீர், கழுவும் கிணற்று நீர், பறவை எச்சம், கை ஆகியவற்றின் வழியே சேரும். உலர்த்தினால் கிருமி செத்துவிடும் என்பது தவறு. சால்மோனெல்லா உலர்ந்த பொடியிலும் நெடுநாள் பிழைத்திருக்கும், பேசில்லஸ் என்ற கிருமியின் வித்துகளோ சாதாரணக் கொதிநிலையையும் தாங்கிவிடும். நம் கஞ்சிப்பாசியின் (கிராசிலேரியா) இனத்தைச் சேர்ந்த பண்ணைப் பாசியைத் தின்று, 2016-இல் ஹவாயின் ஓஹூ தீவில் 14 பேர் சால்மோனெல்லாவால் நோயுற்றார்கள்.

எனவே உணவுக்கான பாசியை அறுவடையிலேயே தனியாகப் பிரித்து, குடிக்கத் தகுந்த நீரில் கழுவி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில் மூடி உலர்த்துங்கள். ஆலைக்குப் போகும் பாசியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். பொடிக்கு அது ஆகாது, நொறுங்கும்வரை காய வேண்டும். கனமழைக்குப் பின் ஓடை நீர் கடலில் கலக்கும் நாட்களில் உணவுக்கு அறுக்காதீர்கள். விற்பனையைத் தொடங்கும் முன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்து, ஊட்டச்சத்துப் பட்டியலை மட்டும் வாங்கி வராமல், நுண்ணுயிர்ச் சோதனையும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் மறுக்க வேண்டாம். எடுத்த பொருளுக்கு வழக்கமான விலையைத் தர வேண்டும் என்று சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்வதால், பணத்தையும் அறிவிப்புப் படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் அரைத்த நாளும் தொகுதி எண்ணும் இருக்கட்டும். அவை இல்லையென்றால், ஒரு நாள் அரைத்ததில் கோளாறு கண்டாலும் கடைகளில் இருக்கும் மொத்தச் சரக்கையும் நீங்கள்தான் திரும்ப எடுக்க வேண்டிவரும்.