மரக் கமரா வாங்கி ஈரத்தகட்டுப் படம் எடுக்கப் போகும் தம்பிமாருக்கு

கலியாண மண்டப வாசலில் அலங்காரத்துக்கு வைக்கிற மரக் கமராவைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கால், பித்தளைக் குழல், பின்னால் ஒரு கறுப்புத் துணி. அலங்காரத்துக்கென்றே அதை வாங்கினால் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அதையே '1860ஆம் ஆண்டுக் கமரா, ஈரத்தகட்டுப் படம் எடுக்கலாம்' (தகட்டில் மருந்து பூசி, அது காய முதல் படம் எடுக்கும் பழைய முறை) என்று யாரோ இணையத்தில் போட, வெளிநாட்டில் இருக்கும் அக்காவோ மாமாவோ காசு அனுப்ப, பார்சல் வந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வவுனியாவில் என் கடைக்கு வருகிறார்கள். இந்த வருடம் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கடைசியாக வந்தவர் புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி. கலியாணம், சாமத்தியவீடு எடுப்பவர், நல்ல கை. "அண்ணை, ஒருக்கா வேலை செய்ய வைச்சுத் தாங்கோ" என்றார்.

குழலைக் கழற்றினேன். உள்ளே ஒரேயொரு கண்ணாடி, அதுவும் வெறும் பூதக்கண்ணாடி. குழலின் ஓரத்தில் 'லண்டன்' என்று பொறித்திருந்தது. சுற்றியிருந்த பித்தளையை மருந்து போட்டுக் கறுக்க வைத்திருந்தார்கள். எழுத்தின் பள்ளம் மட்டும் நேற்று வெட்டியது போல மஞ்சளாக மின்னியது. அவசரத்தில் முதலில் கறுப்பாக்கிவிட்டுப் பிறகு எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். தகடு வைக்கிற சட்டத்தின் நான்கு மூலையிலும் இரும்பாணி. கமராவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் துருத்தியின் மடிப்புகளில் பசை விட்டு வெளிச்சம் தெரிந்தது. இதை வேலை செய்ய வைப்பதென்றால் மூன்று காலை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

நகல் என்பதால் குறை சொல்லவில்லை. நான் படம் எடுப்பதே நகலில்தான். இங்குள்ள தச்சர் ஒருவர் தேக்கில் அடித்துத் தந்த பெட்டி, முன்னால், படம் பெருப்பிக்கும் என்லாஜரிலிருந்து எடுத்த பழைய லென்ஸ். நூற்றைம்பது வருடப் பழைய அசல் பெட்டி கிடைத்தாலும் மரம் வெடித்து, மூட்டு விட்டு, வெளிச்சம் ஒழுகும். வேலைக்குப் புதிதாகச் செய்ததே நல்லது. என் கோபம் காட்சிப்பொருளைக் கமரா என்று விற்பவர்கள் மீதுதான்.

இன்னொரு கோபமும் உண்டு. 'பழைய பித்தளை லென்ஸ் போட்டால்தான் அந்தப் பழைய முகம் வரும்' என்ற கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எத்தனை தரம் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய்ப் பித்தளையே வாங்குகிறார்கள். இன்னொரு தரம் சொல்கிறேன். பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட இந்த முறையில் கொலோடியன் என்ற பசைத்திரவத்தைத் தகட்டில் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்ப்பார்கள்; படம் விழுவது அந்தப் படலத்தில். அந்தப் படலம் நீலத்தையும் புற ஊதாவையும்தான் காணும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், சிவப்புக் கூறைச் சேலை கறுப்பு, தங்கநகை மங்கல், நீலச் சேட்டு வெள்ளை, வானம் வெறும் வெள்ளை. எங்கள் தோல் இருப்பதைவிட இரண்டு மடங்கு கறுத்து, வெயில் பட்ட ஒவ்வொரு புள்ளியும் எழும்பி நிற்கும். அந்தப் பழைய முகம் இதுதான். ('பிள்ளையைக் கறுப்பாக்கிப்போட்டீர்கள்' என்று பொம்பிளை வீட்டில் சண்டைக்கு வருவார்கள். முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.) கொலோடியனுக்கு லென்ஸின் வயது தெரியாது. போன வருடம் செய்த லென்ஸாலும் இதே முகம் வரும்.

பெட்ஸ்வால் என்பவர் 1840இல் கணக்குப் போட்டுச் செய்த லென்ஸ் நடுவில் கூர்மையாக விழும், ஓரம் சுழன்று மங்கும். அதை விரும்பி வாங்குபவர்கள் உண்டு, சரி. பூதக்கண்ணாடியில் அது வராது. வருவது வேறு வில்லங்கம். திருத்தாத ஒற்றைக் கண்ணாடி நீல ஒளியை ஒரு தூரத்திலும் மஞ்சள் ஒளியை வேறு தூரத்திலும் குவிக்கும். கமராவின் பின்னால் படம் தெரியும் தேய்த்த கண்ணாடியில் பார்த்து நீங்கள் இமைமயிர் வரை கூர்மையாக்கியிருப்பீர்கள். தகட்டில் மூக்கும் வாயும் கரைந்திருக்கும். பிறகு கொலோடியன் பழுது, மருந்து பழுது என்று ஆறு மாதம் அலைவீர்கள்.

அதனால் காசு கொடுக்க முதல் லென்ஸுக்குள் ரோச் அடித்து, கண்ணாடியில் தெரியும் வெளிச்சப் புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டே இரண்டு தெரிந்தால் ஒற்றைக் கண்ணாடி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்ஸ்வாலின் பின்பக்கத்தில் மட்டும் நான்கு பளிச்சென்று தெரியும். துருத்திக்குள் ரோச்சை வைத்து இருட்டறையில் பாருங்கள். தேய்த்த கண்ணாடி நிற்கிற இடத்தில்தான் தகடும் நிற்கிறதா என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். தகட்டுச் சட்டத்தில் இரும்போ பித்தளையோ வெள்ளி நைத்திரேற்றைத் தொடக்கூடாது, தொட்டால் மூலையிலிருந்து சிப்பி போலக் கறை ஏறும். உள்மரத்துக்கு அரக்கு வார்னிஷ் பூசுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் இவற்றையெல்லாம் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர். வன்னிக் கிணற்றுத் தண்ணீரை வெள்ளி நைத்திரேற்றில் விட்டால், அதிலுள்ள உப்புக்குப் பால் போலத் திரையும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரே வேண்டும். 1875இல் இலங்கைக்கு வந்த, பெயர்பெற்ற பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் இங்கே அதிகம் படம் எடுக்காததற்கு, மருந்தும் நல்ல தண்ணீரும் கிடைக்காததும் ஒரு காரணம் என்பார்கள். அவருக்கே அந்தப் பாடு.

இனி நான் உண்மையாகவே பயப்படும் விஷயம். அந்தத் தம்பி போகும்போது சாதாரணமாகக் கேட்டார்: "அண்ணை, சயனைட்டு எங்க எடுக்கலாம்? வீடியோவில அதுதான் நல்லம் எண்டு சொல்லுறாங்கள்." இந்த மண்ணில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படத்தை நிலைக்க வைக்கப் பொற்றாசியம் சயனைட்டில் கழுவினால் படம் கொஞ்சம் வெளிச்சமாக, பால்நிறமாக வரும், உண்மை. படத்தைத் தெரிய வைக்கும் டெவலப்பரில் அசற்றிக் அமிலம் இருக்கிறது. சரியாக அலசாத தகட்டோடு அது சயனைட்டில் சேர்ந்தால் நச்சு வாயு. ஹைப்போவில் (சோடியம் தயோசல்பேற்று) கழுவுங்கள், கூடுதல் நேரம் அலசுங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொலோடியனில் இருக்கும் ஈதர் 34.6 பாகை செல்சியஸில் கொதிக்கும். சித்திரை வெயிலில் உங்கள் தகரக் கொட்டகை என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். அதன் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்துபோய் அடுத்த அறையில் எரிகிற நுளம்புத்திரியைப் பிடிக்கும். வீட்டுப் பிரிஜ்ஜுக்குள் வைத்தால் பொறி தட்டி வெடிக்கலாம், வைக்காதீர்கள். பழைய ஈதர்ப் போத்தலின் மூடியில் வெள்ளைப் பளிங்கு கண்டால் திறக்கவே வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். வெள்ளி நைத்திரேற்று கையில் பட்டால் சில நாள் கறுப்பு, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். மிச்சம் வரும் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தை அப்படி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஹைப்போ தண்ணீர் போலவே இருக்கும். போத்தலில் பெயரை எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.