கிரியான்சா என்றால் முதுமையா?

ஒயின் சுவைக்குறிப்பு ஒன்றின் தமிழாக்கம் கண்ணில் பட்டது. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில், ஆரோ என்ற ஊரில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா ஆலையின் சிவப்பு ஒயின்களை வரிசையாகச் சுவைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். முதல் புட்டி வீனியா குபீயோ, கிரியான்சா வகை. தமிழில் அது ‘முதுமை ஒயின்’ ஆகியிருந்தது. இதை எத்தனையாவது தடவை பார்க்கிறேனோ! இரண்டு வரி தள்ளி ‘இளமைத் துடிப்பான பழச்சுவை’ என்று வேறு.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ஸ்பானிய மொழியில் ‘கிரியார்’ என்றால் வளர்த்தல். ஆக்குதல் என்னும் பொருளுள்ள லத்தீன் ‘கிரெயாரே’யிலிருந்து வந்தது. பிள்ளை வளர்ப்பதும் கிரியார், ஆடு வளர்ப்பதும் கிரியார். மரியாதை தெரியாத பையனை அங்கே ‘மால்கிரியாதோ’ என்பார்கள். ‘வளர்ப்பு சரியில்லை’ என்கிறோமே, அதேதான். ஆகவே கிரியான்சா என்பது வளர்ப்பு.

இதில் முதுமை எங்கே வந்தது? ஆங்கிலக்காரர்கள் ஒயினுக்கு வயது ஏறுவதாகச் சொல்வார்கள். அந்த வழியாகச் சுற்றி வந்தவருக்கு வயது முதுமையாகிவிட்டது. முதுமை தானாக வரும், புட்டியை மூலையில் போட்டாலும் வரும். வளர்க்க ஆள் வேண்டும். இந்த ஆலையில் குபீயோ மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து மிச்சக் கலங்கலைப் படியவைக்கிறார்கள். பீப்பாயைக்கூட ஆலையிலேயே செய்துகொள்கிறார்கள். இவ்வளவு பாடுபடுகிறவரிடம் போய் ‘உங்கள் ஒயினுக்கு முதுமை’ என்றால்?

ரியோஹா விதிப்படி சிவப்புக் கிரியான்சாவுக்கு மொத்தம் இரண்டு ஆண்டு, அதில் பீப்பாயில் ஓராண்டு இருந்தால் போதும். அதற்கு மேல் உள்ள தரங்களில் ரிசர்வாவுக்கு மொத்தம் மூன்று, கிரான் ரிசர்வாவுக்கு ஐந்து. மூன்றில் இளையதே கிரியான்சாதான்! அதற்கே முதுமை என்றால், இதே ஆலையில் ஆறு ஆண்டு பீப்பாயில் இருக்கும் தோந்தோனியா ரிசர்வாவை என்ன சொல்வது, தொண்டு கிழம் என்றா? மொழிபெயர்ப்பாளர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: ‘ஒதுக்கீட்டு ஒயின்’. யாருக்கு ஒதுக்கீடு, எத்தனை சதவீதம்? நல்ல வருடத்துச் சரக்கை விற்காமல் எடுத்துவைத்ததால் வந்த பெயர் அது. ‘வைப்பு’ என்று எழுதலாமென்றால் நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம். சரி, அது ரிசர்வாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

‘முதிர்வு’ பரவாயில்லையே என்றார் நண்பர். பரவாயில்லைதான், வங்கி டெபாசிட்டுக்கு. திருமுருகாற்றுப்படையில் தேறல், அதாவது கள்ளின் தெளிவு, நெடிய மூங்கிலுக்குள் ‘விளைகிறது’. அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் விளைவது தேறல். வளர்ப்பவர் அந்தச் சொல்லில் இல்லை. அதனால் லேபிளில் உள்ள தரப்பெயரைக் கிரியான்சா என்றே விட்டுவிட்டு, விளக்கும் இடத்தில் ‘மூன்று ஆண்டு பீப்பாயில் வளர்த்த ஒயின்’ என்று எழுதலாம். யாருக்கும் புரியும்.

அப்புறம், அதே குறிப்பில் ஆங்கில ‘டிரை’யை அப்படியே பெயர்த்து, குபீயோவை ‘உலர்ந்த ஒயின்’ என்றும் போட்டிருந்தார்கள். இனிப்பில்லாதது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? உலர்ந்துபோனதைப் புட்டியிலிருந்து எப்படித்தான் ஊற்றிக் குடித்தார்களோ.